சட்டிக்கு நூறு, தட்டுக்கு முட்டை: சுங்கை சிப்புட்டில் விற்கும் மண்பாண்டச் சாப்பாட்டு செட்

பத்தொன்பது உருப்படி, 320 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பழைய கடைவரிசையில் மண்பாண்டம் விற்கும் கடை ஒன்று, ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு என்று இதை ஒரே பெட்டியில் கட்டித் தருகிறது. தட்டு ஆறு, குவளை ஆறு, மூடி போட்ட சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, ரசக் கலயம், பொரியல் கிண்ணம் இரண்டு, தயிர்ச் சட்டி, தண்ணீர்க் குடுவை. சிவப்புப் பாண்டமெல்லாம் கோலா சிலாங்கூர் பக்கத்துத் தமிழ்க் குயவர் சூளைகளில் வெந்தவை என்கிறது கடை. கறுப்புக் குடுவை மட்டும் பக்கத்து ஊரான கோலா கங்சாரின் சாயோங் கம்பத்துச் சரக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செட்டாக வாங்காதீர்கள். குழம்புச் சட்டி 40, ரசக் கலயம் 28, தயிர்ச் சட்டி 20, பொரியல் கிண்ணம் இரண்டும் சேர்த்து 36. இந்த ஐந்தையும் உதிரியாக எடுத்தால் 124 வெள்ளி. கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். தட்டையும் குவளையையும் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் உட்காரும் பாத்திரத்துக்கு இந்த மண் அருமையான மண். ஆளுக்கு ஒன்றாக முன்னால் வைக்கும் பாத்திரத்துக்கு அது ஆகாது. குயவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்ணின் குணம் அப்படி.

மண் தண்ணீர் குடிக்கும்

இந்தச் சிவப்புப் பாண்டத்துக்குக் கண்ணாடிப் பூச்சு கிடையாது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பூச்சு என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பால்மரத்தில் கட்டியிருந்த பழைய பீங்கான் மங்கின் உட்புறம் வழவழவென்று இருந்ததே, அதுதான். அந்த வழவழப்பு இருந்ததால்தான் உறைந்த பால் மங்கை விட்டுச் சுத்தமாகக் கழன்று வந்தது.

செம்மண் பாண்டம் பொதுவாக 700 முதல் 1000 டிகிரி வரையிலான சூட்டில் வேகும். அந்தச் சூட்டில் மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே தவிர, உருகி இடைவெளியை அடைக்காது. 1200 டிகிரிக்கு மேல் சுட்ட கற்பாண்டத்தில்தான் இடைவெளி அடைபடும். ஆகவே பூச்சில்லாத சட்டியைத் தண்ணீரில் போட்டால், தன் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் குடித்துவிடும். வீட்டுத் தராசிலேயே இதைப் பார்க்கலாம். காய்ந்த சட்டி 1,200 கிராம், 24 மணி நேரம் ஊறிய பின் 1,350 கிராம் என்றால் 150-ஐ 1,200-ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள்: 12.5 விழுக்காடு. சமையல் சட்டிக்கு அந்த அளவு நல்லதுதான். துளை உள்ள சுவர், சூடு ஏறும்போது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். அடுப்பின் சூட்டைத் தாங்கும். மேசையில் சோறு பிசையும் தட்டுக்கு அதே துளைதான் எமன். அதைப் பிறகு பார்ப்போம்.

குழம்புச் சட்டி

செட்டின் உயிர் இதுதான். வாய் 24 சென்டிமீட்டர், சுவர் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அடி உருண்டை. உள்ளே கையை விட்டு அடிப்பக்கம் தடவிப் பாருங்கள். விரல் நுனி அளவுக்கு மெல்லிய பள்ளங்கள் தட்டுப்படும். அந்தப் பள்ளங்களுக்காகவே 40 வெள்ளி கொடுக்கலாம். தமிழ்க் குயவர் வழக்கத்தில் சட்டி முழுதாகச் சக்கரத்தில் பிறப்பதில்லை. கழுத்தும் தோளும் சக்கரத்தில் எழும். அடி திறந்தே இருக்கும். பாதி காய்ந்ததும் உள்ளே ஒரு கல்லை அணை கொடுத்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி மண்ணை இழுத்து அடியை மூடுவார்கள். தட்டத் தட்ட மண் இறுகும், சுவர் ஒரே கனத்துக்கு வரும். மூலை என்று ஒன்று இல்லாததால் சூடு ஒரு இடத்தில் தேங்கி விரிசல் விடாது. கடையில் தட்டை அடியுள்ள சட்டியும் இருக்கிறது; மேசையில் ஆடாமல் நிற்கும் என்று சொல்லி விற்பார்கள். அடியும் சுவரும் சேரும் அந்த மடிப்பில்தான் அது முதலில் கீறும். மேசைக்கு மட்டும் என்றால் வாங்கலாம், அடுப்பில் ஏற்றக்கூடாது.

ஆறு பேருக்கு மீன் குழம்பு என்றால் ஆளுக்கு 150 மில்லி, மொத்தம் 900. அதோடு ஆறு கெம்போங் மீன். சட்டி முக்கால் பாகம் நிறையும், அதற்கு மேல் போகாதீர்கள். மூடியில் ஆவி போகத் துளை வைக்கவில்லை. நிறைய ஊற்றி இறுக மூடினால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும். மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் அகப்பைக் காம்பைக் குறுக்கே வைத்தால் போதும்.

அலுமினியச் சட்டியில் பழகிய கை இங்கே ஒரு தப்பு செய்யும். மண்சட்டி சூடாக நேரம் எடுக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். அடுப்பை அணைத்த பிறகும் குழம்பு இரண்டு நிமிடமாவது தளதளக்கும். மீன் வெந்த பிறகு அணைத்தால், மேசைக்கு வரும்போது முள்ளும் சதையும் தனித்தனியாக நிற்கும். மீனைப் போட்டு ஐந்து நிமிடத்தில், நடுச்சதை இன்னும் கொஞ்சம் கண்ணாடி போல இருக்கும்போதே அணைத்து மூடுங்கள். மிச்சத்தைச் சட்டி பார்த்துக்கொள்ளும். ஆட்டிறைச்சிப் பிரட்டலுக்கு இந்தக் கவலை இல்லை. அடி பிடிக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

குறை ஒன்று உண்டு. உருண்டை அடிச் சட்டியை விற்கும் கடை அதற்குப் பிரிமணை தருவதில்லை. கண்ணாடி மேசையில் மூன்று கிலோ கனமுள்ள குழம்பு ஆடிக்கொண்டே இருந்தால் யாருக்குச் சாப்பாடு இறங்கும்? இரண்டு மீட்டர் கயிற்றுத் தும்பை வளையமாகச் சுற்றி, மேலே பழைய பருத்தித் துணியைக் கிழித்துப் பின்னினால் பிரிமணை தயார். வளையத்தின் உள் அகலம் சட்டி வயிற்றின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கட்டும். அதைவிடச் சின்னதாக இருந்தால் சட்டி மேலே நின்று ஆடும். பெரிதாக இருந்தால் அடி மேசையைத் தொட்டுச் சூடு வைத்துவிடும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியது

கையால் செய்த சரக்கு ஒன்று போல ஒன்று இருக்காது. பெட்டியோடு தூக்கி வராமல், கேட்ட உருப்படியில் ஐந்தாறை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரியும்: சட்டியை உள்ளங்கையில் ஏந்தி, விரல் மடக்கித் தட்டினால் ணங்கென்று வர வேண்டும். சொத்தென்று வந்தால் விரிசல் இருக்கும், அல்லது வேக்காடு போதாது. இரண்டில் எது என்று அறிய, விளிம்பில் சிறிது தண்ணீர் தடவி வெளிச்சத்தில் பிடியுங்கள். மண் தண்ணீரை உறிஞ்சும்போது விரிசல் கோடு மற்ற இடத்தைவிடக் கறுத்து ஒரு கணம் தெரியும், பிறகு மறைந்துவிடும். அந்த ஒரு கணத்தைத் தவறவிடாதீர்கள்.

வெள்ளைப் புள்ளிதான் பலர் கண்ணில் படாதது. மண்ணில் ஒரு கடுகளவு சிப்பித் துண்டோ சுண்ணாம்புக் கல்லோ கிடந்தால், சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். வீட்டுக்கு வந்த பிறகு காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, மேலுள்ள மண்ணைப் பத்துச் சென் காசு அளவுக்குப் பெயர்த்துத் தள்ளும். குழம்புக்குள் அந்தத் துண்டு விழுந்தால் பல்லுக்குத்தான் முதல் செய்தி. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லாததால் வெடிக்க வேண்டியது சீக்கிரமே வெடித்துவிடும். ஆகவே அலமாரியில் இரண்டு மாதம் தூசி பிடித்துக் கிடந்த சட்டியே நேற்று இறங்கிய சட்டியைவிட நம்பத் தகுந்தது. பழைய சரக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கும் கடை உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

கறுப்புத் தழும்பைக் கண்டு பயப்படாதீர்கள். சூளையில் நெருப்பும் புகையும் பட்ட இடம் அது, குறையல்ல. சிவப்பு நிறமே மண்ணிலுள்ள இரும்பு காற்றோட்டமான நெருப்பில் வெந்ததால் வருவதுதான். காற்றுக் குறைந்த பக்கம் கறுக்கும். ஆனால் உடைந்த சில்லு ஒன்று கிடைத்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். நடுவில் தடித்த கரிக்கோடு இருந்தால் உள்மண் சரியாக வேகவில்லை. அந்தச் சூளைச் சரக்கை விட்டு அடுத்ததற்குப் போகலாம்.

எப்போது போவது என்பதும் முக்கியம். தைப் பொங்கலுக்கு முந்திய வாரங்களில் கடை நிறையப் பொங்கல் பானைதான் இருக்கும், கூட்டத்தில் தட்டிப் பார்க்கவும் விடமாட்டார்கள். மழை மாதங்களில் வனைந்த பாண்டம் சரியாகக் காயாமல் சூளைக்குப் போகும் ஆபத்தும் உண்டு. மாசி, பங்குனியில் போங்கள்.

பழக்குவது

பெட்டிக்குள் கடை ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறது. "பயன்படுத்தும் முன் கழுவவும்." அவ்வளவுதான். 320 வெள்ளி வாங்கிக்கொண்டு இப்படி ஒரு வரி கொடுப்பது அநியாயம். இந்தப் பாண்டம் உடைவதில் பெரும்பகுதி முதல் வாரத்தில், பழக்கத் தெரியாமல் உடைவதுதான்.

முதல் நாள் தேங்காய் நாரால் தூசி போகத் தேய்த்து, வாளித் தண்ணீரில் முழுகப் போடுங்கள். சுவரிலிருந்து நீர்க்குமிழி வரிசையாகக் கிளம்பும், சில சமயம் சீறும் சத்தமே கேட்கும். 24 மணி நேரம் கிடக்கட்டும். பிறகு எடுத்து நிழலில், அடியில் காற்றோடும்படி இரண்டு கட்டை மேல் கவிழ்த்து, இரண்டு நாள். ஒரு நாள் போதும் என்று தமிழ்நாட்டில் சொல்வார்கள், இங்கே போதாது. வெளிப்பக்கம் காய்ந்த நிறம் வந்தாலும் அடித்தடிப்பில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தோடு பெரிய நெருப்பில் ஏற்றினால் உள்ளே ஆவி கிளம்பி, வெளியே போக வழி இல்லாமல் சுவரைப் பிளக்கும்.

நான்காம் நாள் கஞ்சி. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரை முக்கால் சட்டி ஊற்றி, ஒரு கைப்பிடி நொய் போட்டு, அடுப்பின் மிகச் சின்ன நெருப்பில் பத்து நிமிடம். பிறகுதான் நடுத்தரம், இருபது நிமிடம். கொழகொழவென்று வந்ததும் அணைத்து, ஒரு இரவு அப்படியே விட்டுவிடுங்கள். கஞ்சியின் மாவு துளைகளுக்குள் போய் வீங்கி அடைக்கும். இதற்குத்தான் இத்தனை பாடு. இதையே மேலும் இரண்டு முறை செய்தால், செய்தித்தாள் மேல் தண்ணீரோடு சட்டியை ஒரு மணி நேரம் வைத்தாலும் தாளில் ஈர வளையம் விழாது. விழுந்தால் இன்னொரு கஞ்சி.

கடைசியாக, நன்றாகக் காய்ந்த சட்டியில் ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய் உள்ளும் வெளியும் தேய்த்து, சிறு நெருப்பில் ஐந்து நிமிடம். எண்ணெயை அள்ளிப் பூசினால் நல்லது என்று நினைத்துப் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். உறிஞ்சப்படாத எண்ணெய் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும், அந்த வாடை ரசத்தில் வந்து நிற்கும். முதல் மூன்று சமையலுக்குப் புளி வேண்டாம். தேங்காய்ப்பால் சேர்த்த காய்கறிக் குழம்பு நல்ல தொடக்கம்.

தயிர்ச் சட்டிக்கு இது எதுவும் செய்யக்கூடாது. ஊறப் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வெயிலில் காய வைப்பதோடு சரி. அங்கே துளைதான் வேலை செய்கிறது. உறையும்போது பிரியும் தண்ணீரைச் சுவர் குடித்துக்கொள்வதால் தயிர் கத்தியால் வெட்டும்படி கட்டியாக நிற்கும். ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற்றி, ஒரு தேக்கரண்டி உறைமோர். நம் ஊர் வெக்கையில் ஐந்தாறு மணி நேரம் போதும். இரவு ஊற்றிவிட்டுக் காலை ஒன்பதுக்குப் பார்த்தால் புளித்திருக்கும். அடியில் ஒரு மங்கு வையுங்கள், கசியும். 20 வெள்ளிக்கு இந்தக் கடையில் இதைவிட நல்ல சாமான் இல்லை.

தூண்டல் அடுப்பில் எந்த மண்சட்டியும் சூடாகாது. அதற்கு அடியில் இரும்பு வேண்டும். சூடான சட்டியில் குளிர்பெட்டித் தண்ணீர் ஊற்றாதீர்கள். குழம்பு வற்றினால் வெந்நீர். இறக்கி வைப்பது மரப்பலகையிலோ பிரிமணையிலோ இருக்க வேண்டும். ஈரமான ஸ்டீல் தொட்டியில் வைத்தால் அடி பிளக்கும் சத்தம் கூடத்துக்குக் கேட்கும்.

சோப்பு ஆகாது. குடித்த சோப்பை அடுத்த கொதியில் கக்கும். கடலை மாவோ சாம்பலோ போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, வெந்நீர் ஊற்றினால் எண்ணெய் போய்விடும். நாலைந்து நாள் மூடி வைத்த சட்டியில் வெள்ளையாகப் பூத்தால் அது இரண்டில் ஒன்று. துணியால் துடைத்தால் வந்து, மக்கிய வாடை அடித்தால் பூஞ்சணம்: கொதிக்கும் நீர், முழு நாள் வெயில். வெளிச்சுவரில் மாவு போலப் படிந்து, தண்ணீர் பட்டதும் கரைந்து, நாக்கில் உப்புக் கரித்தால் அது சுவர் குடித்த குழம்பின் உப்பு வெளியே வந்து காய்ந்தது. கெடுதல் ஒன்றும் இல்லை. சட்டியை மூடியோடு அடுக்கி வைக்காமல், வாய் மேல் பார்க்க, மூடியைத் தனியாக வையுங்கள்.

மீன் சட்டியில் விரதச் சமையல் முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு கழுவினாலும் மண் மறக்காது. புரட்டாசி விரதம் இருக்கும் வீட்டில் இரண்டு சட்டி வேண்டும். அடியில் கரியால் ஒரு குறி போட்டு வைத்தால் வீட்டில் சண்டை மிச்சம்.

மேசையில்

பொரியல் கிண்ணம் 20 சென்டிமீட்டர் அகலம், 5 ஆழம். கத்தரிக்காய்ப் பிரட்டலும் முட்டைக்கோசும் ஆறு பேருக்குச் சரியாக அமைகின்றன. அடுப்பில் ஏறாத பாத்திரம் என்பதால் ஒரு கஞ்சியும் கொஞ்சம் எண்ணெயும் போதும். ரசக் கலயம் ஒரு லிட்டர், வாய் குறுகல். ஆவி அதிகம் போகாததால் பெருங்காய வாசனை கடைசி ஆள் வரை நிற்கிறது. ரசம் நுரை கட்டியதும் இறக்கிவிடுங்கள்; சட்டியின் மிச்சச் சூடு கொதிக்கவிட்டால் கசக்கும்.

ஒரே சட்டியிலிருந்து எல்லோரும் எடுத்துச் சாப்பிடும்போது நம் வீடுகளில் ஒரு சிக்கல் வரும். பிசையும் கை எச்சில் கை, அந்தக் கையால் அகப்பையைத் தொட முடியாது. இடக்கையால் ஊற்றிக்கொள்ளச் சில வீட்டில் ஒப்புவார்கள், சில வீட்டில் பாட்டி முறைப்பார். பந்தி வழக்கமே நல்லது: முதல் சுற்றை ஒருவர் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு உட்காருவது, இரண்டாம் சுற்றுக்குப் பக்கத்தில் இருப்பவர் ஊற்றுவது. சட்டி மூன்று கிலோ இருப்பதால் கைமாற்றிச் சுற்றவும் முடியாது, அது நடுவிலேயே இருக்கும். தட்டுகள்தான் அதனிடம் வரும். யாருக்குக் குழம்பு தீர்ந்தது என்று சட்டிக்குப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் போகாது.

அகப்பை சிரட்டையில் செய்ததாக இருக்கட்டும். ஸ்டீல் கரண்டி உள்சுவரைச் சுரண்டும், கஞ்சி கட்டிய பூச்சை எடுத்துவிடும். காம்பு 25 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் காம்போடு குழம்புக்குள் சரிந்துவிடும். சிரட்டை அகப்பையைக் கடையில் 8 வெள்ளிக்கு விற்கிறார்கள், வெள்ளிக்கிழமை பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) அதைவிட மலிவு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள். அகப்பை சரியில்லை என்றால் சட்டியில் இருந்தும் வராது.

சோற்றுப் பானைதான் கணக்குத் தெரியாமல் செய்தது. கொள்ளளவு ஒன்றரை லிட்டர். ஆறு பேருக்கு 600 கிராம் அரிசி போட்டால் சோறு உதிரியாக இரண்டு லிட்டருக்கு மேல் வரும். பாதிச் சாப்பாட்டில் எழுந்து அடுப்படிக்கு ஓட வேண்டும். யோசனை நல்ல யோசனைதான். மண் ஆவியைக் குடித்துக்கொள்வதால் எவர்சில்வர்ப் பாத்திரத்தில் போல மூடியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சோறு நீர்க்காது. இரண்டரை லிட்டரில் செய்தால் 55 வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு இப்போதே வாங்கலாம். சோறு கொட்டும் முன் வெந்நீர் ஊற்றிச் சூடு காட்டி எடுக்க மறக்காதீர்கள். குளிர்ந்த பானை சோற்றின் சூட்டைத் தான் எடுத்துக்கொள்ளும்.

தட்டும் குவளையும்

26 சென்டிமீட்டர் தட்டு, ஒன்று 12 வெள்ளி. படத்தில் பார்க்க அழகு. ஆறில் இரண்டு மேசையில் வைத்து விளிம்பை அழுத்தினால் ஆடுகிறது. தட்டையான மண் காயும்போது விளிம்பு முதலில் சுருங்கிக் கோணுவது இயல்பு. அதைக்கூடப் பொறுக்கலாம். விரலால் சோறு பிசையும்போது சொரசொரப்பு நகத்தில் உரசும் உணர்ச்சியைப் பொறுக்க முடியாது. முதல் நாளே மஞ்சள் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேல், ஒருவர் எச்சில் பட்ட ஈரத்தைக் குடித்துக்கொண்ட தட்டைச் சோப்புப் போடாமல் கழுவி, மறுநாள் இன்னொருவருக்கு வைக்க வேண்டியிருக்கிறது. நம் முன்னோர் மண்ணில் சமைத்து இலையில் உண்டதில் காரணம் இருந்தது. சமைக்கும் சட்டியில் எச்சில் படாது, ஒவ்வொரு நாளும் கொதிக்கும். எச்சில் படும் இலையோ அன்றே குப்பைக்குப் போகும். போகியில் பழைய சட்டியைக் கழித்துப் புதுசு எடுப்பதும் இதே கணக்குதான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் வாழையிலையை வட்டமாக நறுக்கித் தட்டின் மேல் போட்டுக்கொள்ளலாம். இலையை நெருப்பில் ஒரு நொடி வாட்டினால் கிழியாமல் தட்டோடு படியும். அப்போது தட்டு வெறும் மணை. அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

குவளை 6 வெள்ளி. தேநீர் ஊற்றினால் முதல் வாய்க்கு மண்வாசனை, பலருக்குப் பிடிக்கும். பத்தாவது நாள் பழைய பால் வாசனை, யாருக்கும் பிடிக்காது. ஒருமுறை குடித்து எறியும் குவளைக்குச் சரியான மண் இது. அதற்கு 6 வெள்ளி அதிகம்.

தட்டு வேண்டுமென்றே இருந்தால், அதே கடையின் எதிர் அலமாரியில் கண்ணாடிப் பூச்சுள்ள கற்பாண்டத் தட்டு 28 வெள்ளிக்கு இருக்கிறது. சோப்புப் போடலாம், மஞ்சள் ஒட்டாது. வாங்கும் முன் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பூச்சில் சிலந்தி வலை போல நுண்கோடுகள் ஓடினால் பூச்சும் மண்ணும் ஒரே அளவில் சுருங்கவில்லை என்று பொருள். ஒரே மாதத்தில் அந்தக் கோடெல்லாம் மஞ்சளாகிவிடும். குறைந்த சூட்டில் சுட்ட பளபளப்பான பூச்சில், குறிப்பாகப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சளில், ஈயமோ காட்மியமோ கலந்திருக்கலாம். ரசம், ஊறுகாய், எலுமிச்சை போன்ற புளிப்பு அதை இழுத்து வெளியே கொண்டுவரும். ஆய்வகத்தில் 4 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்துக் கரைந்ததை அளப்பார்கள். சோதனைச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். தலையைச் சொறிந்தால், அந்தத் தட்டில் முறுக்கு வைக்கலாம், ரசஞ்சோறு வேண்டாம்.

கறுப்புக் குடுவை

சுரைக்காய் வடிவம், மலாயில் லாபு என்றாலும் அதுதான். சூளையிலிருந்து சூட்டோடு எடுத்து உமியில் புதைப்பதால் கரி ஏறிக் கறுக்கிறது. கடை இதையும் கையால் வனைந்தது என்கிறது. சாயோங்கில் பல பட்டறைகள் இப்போது பிளாஸ்டர் அச்சில் மண்கூழ் ஊற்றித்தான் செய்கின்றன. பக்கவாட்டில் நகத்தால் தடவினால் அச்சு சேர்ந்த கோடு தட்டுப்படுகிறது. இரண்டு குடுவையை எடுத்தால் எடையும் அச்சு அசல் ஒன்றே. அச்சில் செய்ததால் தண்ணீர் குளிராமல் போகாது. ஆனால் 45 வெள்ளி கைவேலைக்கான விலை.

குளிர்ச்சியையும் அளவோடு எதிர்பாருங்கள். சுவரில் கசிந்த நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போவதால்தான் உள்ளே குளிர்கிறது. மதுரைக் கோடையின் காய்ந்த காற்றில் பானைத் தண்ணீர் சிலிர்க்கும். பேராக்கின் ஈரக்காற்றில் ஆவி மெதுவாகத்தான் போகும். குழாய்த் தண்ணீரைவிட ஓரளவு குளிர்ச்சி, அவ்வளவே. காற்று வரும் சன்னலோரம், கம்பி வளையத்தின் மேல் வையுங்கள். தட்டில் வைத்தால் அடி மூழ்கி அதுவும் போகும். கழுத்தில் கை நுழையாது. வாரம் ஒருமுறை ஒரு பிடி அரிசியும் வெந்நீரும் போட்டுக் குலுக்கிக் கழுவ வேண்டும். இதைச் செய்யும் பொறுமை உள்ளவர்கள் வாங்கலாம்.

கட்டும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். கடையில் மூடியைச் சட்டி மேல் நேராக வைத்துத் தாள் சுற்றிவிடுகிறார்கள். தோட்டத்துச் செம்மண் பாதையில் இரண்டு குலுக்கலில் விளிம்போடு விளிம்பு மோதிச் சில்லு பெயரும். மூடியைக் கவிழ்த்து, குமிழ் சட்டிக்குள் தொங்கும்படி போட்டு, இடையில் இரண்டு மடிப்புச் செய்தித்தாள் வைக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்து பிரித்ததும் அந்தத் தாளை எறியாதீர்கள், ஈர வளையம் பார்க்க அதுதான் வேண்டும்.